மாவு மூட்டைக்கு அடுத்தபடியாக
மொசாம்பிக் உழவர்கள் ஊர் திரும்பிய அனுபவம்

நிவாரணம் என்றதும் எமது மனக்கண்ணில் முதலில் வருவது மாவு மூட்டையும் தறப்பாளுந்தான். பசித்த வயிற்றுக்கு உடனே உணவு வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தன் கையால் விதைத்து உண்டு வாழ்ந்த குடும்பம் எத்தனை காலத்துக்கு மூட்டையை எதிர்பார்த்து வரிசையில் நிற்பது? மூட்டைக்கு அடுத்தபடியாக என்ன வேண்டும்? ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக் நாட்டின் அனுபவம் இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகின்றது.

உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று அது. மக்களில் பெரும்பாலோர் சிறு நிலங்களில் சோளம், மரவள்ளி, கச்சான், கௌபி முதலியவற்றைப் பயிரிட்டு வாழ்பவர்கள். 1975 ஜூன் 25 அன்று போர்த்துக்கேயரிடமிருந்து நாடு விடுதலை பெற்றது. இரண்டே ஆண்டுகளில், ஆட்சியிலிருந்த பிறெலிமோவுக்கும் றெனமோ கிளர்ச்சியாளருக்குமிடையே போர் மூண்டது. 1992 வரை நீடித்த அப்போரிலும் அதனோடு வந்த பஞ்சத்திலும் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். சுமார் 17 இலட்சம் பேர் அயல்நாடுகளில் அகதிகளாயினர். அவர்களுள் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொண்ட மலாவியும் ஏழை நாடே. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் சுமார் 40 இலட்சம் பேர்.

1992 ஒக்டோபர் 4ஆம் திகதி றோம் நகரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. சான்ற் எஜீடியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகத்தினர் அதற்கு நடுநிலை வகித்தனர். பெய்றா நகரின் பேராயர் ஜெய்மி கொன்சால்வசும் நடுவர்களுள் ஒருவர்.

விதையும் மழையும்

உடன்படிக்கை கைச்சாத்தானதும் மக்கள் ஊருக்குப் புறப்பட்டனர். பெரும்பாலானோர் வாகனம் வரும்வரை காத்திராமல் தாமாகவே திரும்பினர். காரணம் எமக்கு விளங்காததல்ல. அங்கே ஒக்டோபர், நவம்பரில் மழை தொடங்கும். அதற்கு முன் காடு வெட்டி நிலத்தைத் தயார் செய்யாவிட்டால் ஒரு போகம் போய்விடும். ஒரு போகம் போனால் இன்னும் ஓராண்டுக்கு நிவாரணமே கதி.

ஆகவே உதவி நிறுவனங்கள் உணவோடு விதையும் மண்வெட்டியும் கொடுத்தன. இவ்வேலையில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விதை மழைக்கு முன் வரவேண்டும். பிந்தி வந்தால் அது சமையலுக்குத்தான் உதவும். மற்றது, விதையோடு உணவும் வரவேண்டும். பிள்ளைகள் பசியோடிருக்கும் வீட்டில் விதைதானியம் தங்காது. அதைத் தாயின் குற்றம் என்று எவரும் சொல்ல முடியாது.

பாதையும் காணியும்

விதை கையிலிருந்தாலும் வயலில் கால் வைக்க முடியவேண்டுமே! பாதையோரங்களிலும் பாலங்களைச் சுற்றியும் மிதிவெடிகள் புதைந்து கிடந்தன. ஒரு வயலில் ஒரேயொரு வெடி இருந்தாலும் போதும், அந்த வயல் முழுவதும் தரிசாகிவிடும். பல நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டு ஓர் இலட்சத்துக்கும் அதிகமான வெடிகளை அகற்றின. 2015 செப்டெம்பரில்தான் நாடு மிதிவெடியற்றது என அறிவிக்கப்பட்டது.

காணிப் பிரச்சினையும் எழுந்தது. திரும்பி வந்த சிலர், தமது நிலம் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டிருக்கக் கண்டனர். உழவரிடம் உறுதி ஏது? 1997இல் வந்த காணிச் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. அங்கு நிலம் அரசுக்கே உரியது. ஆயினும் வழக்காறுப்படி பயிர்செய்து வரும் சமூகத்தின் உரிமையையும், நல்லெண்ணத்துடன் பத்தாண்டுகள் நிலத்தைப் பயன்படுத்தியவரின் உரிமையையும் எழுத்துப் பத்திரம் இல்லாமலே சட்டம் ஏற்றது. அயலவர் வாய்மொழியாகச் சொல்லும் சாட்சியமும் செல்லும். பெண்களுக்கும் சம உரிமை உண்டு. திருச்சபைகளும் உழவர் சங்கங்களும் கிராமம் கிராமமாகச் சென்று இச்சட்டத்தை மக்களுக்கு விளக்கின. சட்டம் இருந்தும் வழக்குகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தன் உரிமையை அறிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

துவக்குக்கு மண்வெட்டி

1995இல் அங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் தலைமையில் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஒளித்து வைத்த துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் மண்வெட்டி, தையல் இயந்திரம், சைக்கிள், கூரைத்தகடு ஆகியவற்றுள் ஒன்று கிடைக்கும். 500 ஆயுதங்களைச் சேர்த்துக் கொடுத்த ஒரு கிராமம் உழவு இயந்திரம் பெற்றது. பிழைப்புக்கு வழியிருந்தால் ஆயுதம் வேண்டாம் என்று சொல்ல மனிதர் தயங்குவதில்லை.

முடியாத கதை

துயரம் அதோடு முடியவில்லை. 2019 மார்ச் 14ஆம் திகதி இரவு இடாய் சூறாவளி பெய்றா நகரருகே கரையைக் கடந்தது. அங்கே 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அறுவடை நெருங்கிய வேளையில் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட பயிர் அழிந்தது. வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 ஒக்டோபரில் ஆயுதக் குழுவொன்றின் தாக்குதல்கள் தொடங்கின. 2022இல் அங்கு இடம்பெயர்ந்தோர் தொகை 10 இலட்சத்தை நெருங்கியது. அவர்களுள் பெரும்பாலோருக்கு முதலில் இடங்கொடுத்தவை முகாம்களல்ல, ஏழை உழவர் வீடுகளே. ஒரு குடும்பத்துக்கெனச் சேமித்த தானியத்தை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துண்டன. இப்படி இடங்கொடுத்த வீட்டுக்கும் உதவி வேண்டும் என்பதை நிவாரணப் பட்டியல் எழுதுவோர் மறந்துவிடலாகாது.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இடம்பெயர்ந்த உழவன் எங்கும் உழவனே. முகாமில் இருந்தாலும் மழைக்காலத்தை அவன் மறப்பதில்லை. எனவே உதவி கொண்டு வருவோரிடம் நன்றியோடு பேசுவோம். கூச்சமின்றிக் கேள்விகளும் கேட்போம். விதை எப்போது வரும்? எமது மண்ணுக்கு ஏற்ற இனந்தானா? அறுவடை வரை உணவு உண்டா? வயலுக்குச் செல்லும் பாதை வெடியற்றதா? அந்த வயல் எமக்குரியது என்பதை யார் உறுதிப்படுத்துவார்? இவை நன்றி கெட்ட கேள்விகளல்ல. மீண்டும் சொந்தக் காலில் நிற்க விரும்புவோர் கேட்கவேண்டிய கேள்விகள்.