இறங்கும் மேடையைப் பார்த்தீர்களா?

ஒரு வண்ணப் படத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீல வானத்தின் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் தலைகீழாகத் தெரிகிறது. அதை ஓட்டுபவர் கைப்பிடியை விட்டுவிட்டு இரு கைகளையும் சிறகுபோல் விரித்திருக்கிறார். கீழே கூட்டம் அண்ணாந்து பார்த்து ஆரவாரம் செய்கிறது. இத்தகைய படங்களை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பள்ளி மாணவர்கள் உலகின் பல நாடுகளிலும் உண்டு.

இப்போது அந்தப் படத்தை மறுபடியும் பாருங்கள். வண்டி எந்த மேடையிலிருந்து எழும்பியது? எந்த மேடையில் இறங்கப் போகிறது? பெரும்பாலும் இரண்டுமே படத்தில் இரா. வானமும் வீரரும் மட்டுமே இருப்பார்கள். படத்தில் இல்லாத அந்த இரண்டாவது மேடையைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

இது என்ன விளையாட்டு?

மேடும் பள்ளமுமான மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் என்று பெயர். அதில் முந்தி வருபவரே வெற்றி பெறுவார். அதிலிருந்து கிளைத்ததே ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸ். இதில் முந்துவதும் பிந்துவதும் கணக்கில்லை. சாய்வு மேடையில் ஏறி, வெளியில் பாய்ந்து, அந்தரத்தில் இருக்கும் சில கணங்களில் வித்தைகள் செய்து, மறுமேடையில் இறங்க வேண்டும். வித்தையின் கடினத்தையும் நேர்த்தியையும் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் தருவார்கள்.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டு தொடங்கிய எக்ஸ் கேம்ஸ் என்னும் போட்டித் தொடரில் 1999-இல் இந்த விளையாட்டும் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு முதல் பரிசைப் பெற்றவர் டிராவிஸ் பாஸ்ட்ரானா. அப்போது அவருக்கு வயது 15 தான். 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், வண்டியோடு அந்தரத்தில் இரண்டு முறை பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து இறங்கினார். போட்டியில் அதைச் செய்த முதல் மனிதர் அவரே. 2015-இல் ஆஸ்திரேலியரான ஜோஷ் ஷீஹன் மூன்று கரணங்களை அடித்துக் காட்டினார்.

இவர்களைப் பார்க்கும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை எழுவது இயல்பே: “நானும் இப்படிப் பறக்க வேண்டும்.” இந்த ஆசை எப்படிப் பிறக்கிறது? அது எங்கே கொண்டுபோய் விடும்? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

விழுந்து புகழ் பெற்றவர்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் 1938-இல் பிறந்தவர் ஈவல் நீவல். மோட்டார் சைக்கிளில் தாவுவதையே தொழிலாகக் கொண்டவர். 1967 டிசம்பர் 31 அன்று, லாஸ் வேகஸ் நகரில் சீசர்ஸ் பேலஸ் என்னும் விடுதியின் முன்னுள்ள நீரூற்றுகளைத் தாண்ட முயன்றார். தாண்ட வேண்டிய தூரம் ஏறக்குறைய 43 மீட்டர். அவர் எழும்பியது குறையில்லாமல்தான் இருந்தது. ஆனால், வண்டி இறங்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாகவே விழுந்தது. கைப்பிடி கையை விட்டுப் போயிற்று. அவர் தூக்கி எறியப்பட்டுத் தரையில் உருண்டார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின.

விந்தை என்னவென்றால், அவர் அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்றது அதன் பிறகுதான்! அவர் விழுந்த காட்சி தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. மக்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 1975 மே மாதம் லண்டன் வெம்பிளி அரங்கில் 13 பேருந்துகளைத் தாண்டி இறங்கும்போது மீண்டும் விழுந்து இடுப்பை முறித்துக் கொண்டார். ஐந்தே மாதங்களில் ஒஹையோ மாநிலத்தில் 14 பேருந்துகளை வெற்றியோடு தாண்டினார்.

1973-இல் அவர் உருவத்தில் ஒரு பொம்மை கடைகளுக்கு வந்தது. கைப்பிடியைச் சுழற்றி விட்டால் வண்டி விர்ரென்று ஓடிப் பாயும். பொம்மை வீரர் எத்தனை முறை குப்புற விழுந்தாலும், எடுத்து உட்கார வைத்தால் மறுபடியும் தாவத் தயார். அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவர்கள் பொம்மையோடு நிற்கவில்லை. செங்கற்களை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகையைச் சாய்த்து, தங்கள் சைக்கிள்களில் தாவத் தொடங்கினார்கள். பொம்மைக்கு எலும்பு கிடையாது, சிறுவர்களுக்கு உண்டு.

நீவல் தம் ரசிகர்களிடம் தலைக்கவசம் அணியும்படி வற்புறுத்தி வந்தவர். 1987-இல் கலிபோர்னியாவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசவும் செய்தார். ஆனால், சொல்லைவிடச் செயல் கண்ணில் பதிகிறது அல்லவா?

பார்த்துக் கற்றல்

செயல் கண்ணில் பதிவதை ஆராய்ந்தவர் உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய குழுவினரும் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். காற்றடைத்த ஒரு பெரிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியே விடப்பட்டபோது, அவர்களில் பலர் அதே அடியை அதே விதத்தில் பொம்மைக்குக் கொடுத்தார்கள்.

1965-இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை நமக்கு மேலும் முக்கியமானது. இம்முறை குழந்தைகளுக்குத் திரைப்படம் காட்டப்பட்டது. அதன் முடிவு மூன்று விதமாக இருந்தது. ஒன்றில், பொம்மையை அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. இன்னொன்றில் அவர் தண்டிக்கப்பட்டார். மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதைப் போலச் செய்தார்கள். ஆனால், “நீ பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவேன்” என்றதும் மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்து காட்டின! எல்லாரும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். பரிசு கிடைக்கும் என்று தோன்றியபோது அது வெளியே வந்தது.

பார்த்துக் கற்பதில் நான்கு படிகள் உள்ளன என்றார் பண்டூரா. கவனித்தல், நினைவில் கொள்ளல், செய்யும் திறன் பெறுதல், செய்யத் தூண்டப்படுதல் என்பவையே அவை. மோட்டார் சைக்கிள் வீரரின் படம் முதல் இரண்டு படிகளையும் நான்காம் படியையும் தாராளமாகத் தருகிறது. பளிச்சென்ற உடையும் இரைச்சலும் கவனத்தை இழுக்கின்றன. கைதட்டலும் பதக்கமும் தூண்டுகின்றன. விழுந்தவர் எழுந்து கையசைத்தால், அதற்கும் கைதட்டல். தண்டனைகூடப் பரிசாக மாறிவிடுகிறது. மூன்றாம் படியான திறனை மட்டும் எந்தப் படமும் தர முடியாது.

இரண்டு வினாடிக் கணக்கு

அந்தத் திறனில் என்ன அடங்கியிருக்கிறது என்று ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். இந்த விளையாட்டில் இரு மேடைகளுக்கும் இடையே வழக்கமாக 75 அடி, அதாவது சுமார் 23 மீட்டர் இடைவெளி விடுவார்கள். வண்டி 45 பாகைக் கோணத்தில் எழும்புகிறது என்றும், இரு மேடைகளின் விளிம்பும் ஒரே உயரத்தில் உள்ளன என்றும் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். எறிபொருள் பற்றிய பாடத்தில் நீங்கள் படித்த வாய்பாட்டின்படி, தேவையான வேகம் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர். அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். அந்தரத்தில் இருக்கும் நேரம் 2.2 வினாடிக்கும் சற்றுக் குறைவு. எட்டும் உயரம் மேடை விளிம்புக்கு மேல் சுமார் 5.7 மீட்டர்.

வண்டி மேடையை விட்டு எழும்பிய அந்தக் கணத்திலேயே அதன் பாதை முடிவாகிவிடுகிறது. அந்தரத்தில் ஓட்டுபவர் என்ன செய்தாலும், அவரும் வண்டியும் சேர்ந்த தொகுதியின் ஈர்ப்பு மையம் அந்தப் பரவளையப் பாதையை விட்டு விலகாது. அவரால் மாற்றக் கூடியது சுழற்சியை மட்டுமே. உடலை ஒடுக்கினால் சுழற்சி விரைவாகும், விரித்தால் மெதுவாகும். பின்சக்கரத்தை முடுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயரும். பிரேக்கை அழுத்தினால் தாழும். இவற்றையெல்லாம் இரண்டு வினாடிக்குள் எண்ணிப் பார்த்துச் செய்ய முடியாது. பழகிப் பழகி உடல் தானாகச் செய்ய வேண்டும்.

தொலைக்காட்சியிலோ இந்த இரண்டு வினாடியை மெதுவாக ஓட்டி எட்டு வினாடியாக நீட்டிக் காட்டுகிறார்கள். வீரர் மிதப்பதுபோலவும், யோசிக்க நிறைய அவகாசம் இருப்பதுபோலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது.

இனி இறங்கும் மேடைக்கு வருவோம். 5.7 மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடி உயரம். அங்கிருந்து சமதளத்தில் விழுந்தால், தரையைக் கீழ்நோக்கி மோதும் வேகம் வினாடிக்குச் சுமார் 10.6 மீட்டர். வண்டியின் அதிர்வு தாங்கிகள் 30 சென்டிமீட்டர் அமுங்கி அந்த வேகத்தை நிறுத்துகின்றன என்றால், உடலுக்கு ஏற்படும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 19 மடங்கு!

ஆனால், இறங்கும் மேடை 35 பாகை சரிந்திருந்தால்? வண்டி வரும் பாதைக்கும் சரிவுக்கும் இடையே 10 பாகை வேறுபாடுதான். அப்போது மேடையை நேர்க்குத்தாக மோதும் வேகம் வினாடிக்கு 2.6 மீட்டராகக் குறைந்துவிடும். இது சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம். நாற்காலியின் உயரம்கூட இல்லை. மிச்ச வேகமெல்லாம் சரிவின் வழியே ஓடித் தீர்ந்துவிடும்.

சிறுவர்கள் செங்கல்லும் பலகையும் வைத்து எதைக் கட்டினார்கள்? எழும்பும் மேடையை. அவர்கள் இறங்கியது எங்கே? சமதளத் தரையில். கண்ணுக்குக் கவர்ச்சியான பாதியை மட்டும் கற்றார்கள். உயிரைக் காக்கும் பாதியைப் பார்க்கவே இல்லை.

நுரைக் குழி

தேர்ந்த வீரர்களுக்கு இறங்கும் மேடை மட்டும் போதாது. புதிய வித்தையை அவர்கள் முதலில் நுரைக் குழியில்தான் பழகுகிறார்கள். பெரிய பள்ளத்தில் நுரைக் கட்டிகளைக் கொட்டி நிரப்பி, வண்டியோடு அதற்குள் விழுவார்கள். மேலே கண்ட அதே வேகம் 30 சென்டிமீட்டருக்குப் பதிலாக 2 மீட்டர் ஆழத்தில் நின்றால், எதிர்முடுக்கம் 19 மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கும் கீழே வந்துவிடும். பாஸ்ட்ரானா தம் இரட்டைக் கரணத்தை இத்தகைய குழியில்தான் பழகினார். நாம் பார்ப்பது ஒரு வெற்றித் தாவல். அதன் பின்னால் யாரும் படம் எடுத்து ஒட்டாத எத்தனையோ தோல்வித் தாவல்கள் உள்ளன.

அப்படியும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2008-இல் எக்ஸ் கேம்ஸில் தங்கப் பதக்கம் வென்ற ஜெரமி லஸ்க், மறு ஆண்டு பிப்ரவரியில் கோஸ்டாரிகா நாட்டில் கரணம் அடிக்கும்போது விழுந்து, தலைக் காயத்தால் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 24.

நண்பர்கள் பார்க்கும்போது

இன்னும் ஒரு செய்தி உங்கள் வயதினருக்கே உரியது. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கணிப்பொறியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் சிலர் தனியாகவும், சிலர் நண்பர்கள் பார்த்துக் கொண்டிருக்கவும் ஆடினார்கள். 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் நண்பர்கள் முன்னிலையில் தனியாக ஆடியவர்களைவிட வெகுவாகத் துணிந்து ஆபத்தைத் தேடினார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை. பரிசை நாடும் மூளைப் பகுதிகள் இளமையிலேயே விழிப்படைந்துவிடுகின்றன. நிதானித்துத் தீர்மானிக்க உதவும் முன்புறப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே, “முடியுமா உன்னால்?” என்று நண்பன் கேட்கும் கணமே மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கணம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு போர்வையை இரு நண்பர்கள் தொங்கும்படி பிடித்துக்கொள்ளட்டும். அடிப்பக்கத்தைச் சற்று மேலே மடித்துத் தொட்டில்போல் வைத்துக்கொள்ளட்டும். அதன்மேல் ஒரு கோழி முட்டையை வேகமாக எறியுங்கள். முட்டை உடையாது! போர்வை பின்வாங்கி, முட்டை நிற்பதற்கு நெடுந்தூரம் கொடுக்கிறது. அதே முட்டையைச் சுவரில் எறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நுரைக் குழியின் இரகசியமும் தலைக்கவசத்துக்குள் இருக்கும் மெத்தையின் இரகசியமும் இதுவே.

2018 ஜூலை 8 அன்று பாஸ்ட்ரானா லாஸ் வேகஸ் சென்று, ஒரே இரவில் மூன்று தாவல்களைச் செய்தார். மூன்றாவது, நீவல் விழுந்த அதே நீரூற்றுகளைத் தாண்டியது. நீவலின் நினைவாக அவரைப் போலவே வெள்ளை உடை அணிந்திருந்தார். பாஸ்ட்ரானா பிறந்தது 1983-இல். நீவல் விழுந்தது அதற்கு 16 ஆண்டுகள் முன்பு. ஒரு வீரரின் சாயல் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது, பாருங்கள்! ஆனால், ரசிகர் வீரரிடமிருந்து எடுத்துக்கொண்டது உடையை மட்டுமல்ல. எங்கே இறங்குவது என்னும் கணக்கையும் பல ஆண்டுப் பயிற்சியையும் அவர் சேர்த்துக்கொண்டார், பத்திரமாக இறங்கினார்.

வீரர்களைப் போற்றுவதில் தவறில்லை. சுவரில் படம் ஒட்டுவதிலும் தவறில்லை. அடுத்த முறை அத்தகைய படத்தைப் பார்க்கும்போது, அதன் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தேடுங்கள். இறங்கும் மேடை எங்கே என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் யாரும் எழும்பக் கூடாது.