முதியோர் இல்லத்தில் மலரும் உறவுகள்



கிறிஸ்து பிறப்புக் காலம் வந்துவிட்டால் நம் பங்குகளிலிருந்து பலரும் முதியோர் இல்லங்களுக்குச் செல்கிறோம். மறைக்கல்வி மாணவர்கள், இளையோர், வின்சென்ட் தே பவுல் சபையினர், அன்பியத்தார் எனக் குழு குழுவாகக் கேக்கும் போர்வையும் சுமந்து போகிறோம். பாடுகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், மாலைக்குள் வீடு திரும்புகிறோம். நாம் வந்த பிறகு, அடுத்த 364 நாட்களும் அங்கே இருப்பவர்களுக்கு யார் துணை? ஒருவருக்கொருவர் அவர்களேதான் துணை. இந்த உண்மையைச் சற்றுச் சிந்திப்போம்.

இல்லத்தில் சேரும் ஒருவர் வீட்டை மட்டும் விட்டு வருவதில்லை. தம்மை அழைத்த பெயரையும் விட்டுவிட்டு வருகிறார். ஊரில் அவர் 'டீச்சரம்மா', 'மேஸ்திரி', 'பெரியம்மா'. இங்கே அவர் ஒரு கட்டிலுக்கு உரியவர், அவ்வளவுதான். வந்த சில வாரங்களிலேயே சிலர் பேச்சைக் குறைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவதற்கு இதுவே காரணம். சுற்றிலும் முப்பது பேர் இருந்தும் தனிமை வாட்டுகிறது. கூட்டத்தில் இருப்பது வேறு, கூடி வாழ்வது வேறு.

சாப்பாட்டு அறையில் ஒரே நாற்காலிக்காக இரண்டு பாட்டிகள் சண்டையிடுவதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். சற்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் பொதுவாகிவிட்ட இடத்தில் 'இது என்னுடையது' என்று சொல்ல அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு நாற்காலிதான். தனக்கென ஓரிடம் வேண்டும் என்ற ஏக்கமே அங்கே சண்டையாக வெளிப்படுகிறது.

இந்த ஏக்கத்தைப் புரிந்துகொண்டவர் புனித ழான் ஜூகான். 1792-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் ஏழை மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கைவிடப்பட்ட, பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் சிறு குடியிருப்புக்குக் கொண்டுவந்து தம் கட்டிலிலேயே படுக்க வைத்தார். தாம் பரணில் படுத்துக்கொண்டார். அடுத்து இன்னொரு மூதாட்டி வந்தார். பிறகு பலர் வந்தார்கள். அவர்களில் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களும் உண்டு. அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் சார்பில் தாமே கூடையை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். அவர்கள் சுமந்த அவமானத்தைத் தாம் வாங்கிக்கொண்டார்.

இவ்வாறு பிறந்ததே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளோடு, விருந்தோம்பல் என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் இச்சகோதரிகள் எடுக்கிறார்கள். முதியவர் அவர்களுக்கு விருந்தினர். தர்மம் பெறுபவராக அவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. ழான் ஜூகானோ தாம் தொடங்கிய சபையிலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். வாழ்வின் கடைசி 27 ஆண்டுகளை மறைவில் கழித்தார். அவரே நிறுவனர் என்பதை அவருடன் வாழ்ந்த இளம் நவசந்நியாசிகளில் பலர் அறியவில்லை. மறக்கப்படுவதன் வலியை அறிந்தே அவர் 1879-ஆம் ஆண்டு இறந்தார். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

அப்படியானால், ஓர் இல்லத்தில் உறவு எப்படி மலர்கிறது? முதலாவது, செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். கீரை ஆய்வது, சிற்றாலயத்தில் பூ வைப்பது, செபமாலையை முன்னின்று சொல்வது, பார்வை மங்கியவருக்குச் செய்தித்தாள் வாசிப்பது எதுவானாலும் சரி. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்ற எண்ணமே ஒருவரைக் காலையில் எழுப்புகிறது. இரண்டாவது, தேடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். உணவு வேளையில் 'அவரை இன்னும் காணோமே' என்று எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தால், அதுவே உறவு. மூன்றாவது, இறந்தவருக்காக அழ இடம் வேண்டும். இரவோடு இரவாக உடலை எடுத்துச் சென்று, மறுநாளே கட்டிலை நிரப்பினால், மீதியுள்ளோர் தமக்கும் இதுதான் என்று அஞ்சுகிறார்கள். உடலைச் சுற்றி நின்று செபிக்க அனுமதித்தால், தாமும் நினைக்கப்படுவோம் என்று ஆறுதல் அடைகிறார்கள்.

நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலனுக்கான சட்டம் 2007-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமையை அது பெற்றோருக்குத் தருகிறது. மாவட்டந்தோறும் வறிய முதியோருக்கு இல்லங்கள் அமைப்பது பற்றியும் கூறுகிறது. இது நன்று. ஆயினும் சட்டத்தால் கட்டிலும் கஞ்சியும் தர முடியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு தோழியைத் தர முடியாது.

விவிலியம் காட்டும் வழியும் இதுவே. கணவனையும் மக்களையும் இழந்த நகோமியை விட்டுப் பிரியாதவர், அவர் வயிற்றில் பிறவாத ரூத்து. சிலுவையடியில் இயேசு தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தபோது, இரத்த உறவைக் கடந்த ஒரு குடும்பம் பிறந்தது. ஆகவே முதியோர் இல்லத்தில் முளைக்கும் நட்பை 'வேறு வழியில்லாமல் வந்த உறவு' என்று எண்ணிவிட வேண்டாம். கல்வாரியில் பிறந்த குடும்பத்தின் தொடர்ச்சி அது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருநாளையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது சிறப்பிக்கப்படுகிறது. அந்நாளில் நாம் செய்யக்கூடியவை எளியவை. நம் பங்கிலிருந்து இல்லத்திற்குச் சென்றவர்களின் பெயர்கள் இன்னும் நம் பதிவேட்டில் உள்ளனவா என்று பார்ப்போம். அவர்களின் அன்பியக் கூட்டம் ஒன்றை அந்த இல்லத்திலேயே நடத்துவோம். நம் தாயையோ தந்தையையோ பார்க்கப் போகும்போது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரையும் கேட்டறிவோம். அவருக்கும் ஒரு பழம் கொண்டுபோவோம். நாம் இல்லாத நாட்களில் நம் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

தனித்திருக்கும் எவருக்கும் ஒரு துணையைத் தர இறைவன் நம்மைக் கருவியாக்குவாராக.