பத்துப் பவுணுக்கு வாங்கப்பட்ட குருமனை

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸ் பகுதியில், கக்மியர் ஆற்றங்கரையில் அல்ஃபிரிஸ்டன் என்ற கிராமம் உள்ளது. அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில் வேய்ந்த கூரையோடு ஒரு பழைய வீடு நிற்கிறது. ஏறத்தாழ 600 ஆண்டுகள் பழமையான இந்தக் குருமனை, ஒரு காலத்தில் இடித்துத் தள்ளப்பட இருந்தது.

இதன் அமைப்பு எளிமையானது. நடுவில் கூரை முகடு வரை திறந்த உயரமான கூடம். அதன் இரு பக்கமும் இரண்டு தட்டு அறைகள். இரு பக்கத்து மேல்தட்டுகளும் சற்று முன்னே தள்ளி நிற்க, ஒரே கூரை முழு வீட்டையும் மூடுகிறது. ஓக் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையில் வரிச்சு கட்டி மண் பூசிச் சுவர் எழுப்பினார்கள். இத்தகைய வீடுகளில் தொடக்கத்தில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில் அடுப்பு எரியும். புகை கூரை வழியே வெளியேறும். அல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரை, அந்த மண்ணில் கிடைக்கும் வெண்சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பால் ஊற்றி இறுக்கியது.

காலப்போக்கில் மதகுருமார் அங்கு வசிப்பது நின்றது. வீடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டைப் பலருக்காகப் பிரிப்பது புதிய வழக்கமல்ல. ஆனால் வாடகை வாங்கியவர்கள் பராமரிப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வீடே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இடிந்து விழும் நிலையில் இருந்தது. இடிப்பதற்குத் திருச்சபையின் அனுமதியும் கிடைத்திருந்தது. அங்கே குடியிருந்த மூதாட்டி ஒருவர், தன் கடைசிக் காலம் அங்கேயே கழியட்டும் என்று கேட்டதால் வேலை தள்ளிப்போனதாகச் சொல்லப்படுகிறது.

அந்தத் தாமதம் வீட்டைக் காப்பாற்றியது. ஊருக்குப் புதிதாக வந்த மதகுரு பெனியன், பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்காக வில்லியம் மொரிஸ் 1877இல் தொடங்கிய சங்கத்தின் உதவியை நாடினார். 1895இல் ஒக்டாவியா ஹில் உள்ளிட்ட மூவர் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பை நிறுவினர். மறு ஆண்டு அது இந்த வீட்டை 10 பவுணுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான்.

விலை சிறியது, திருத்தும் வேலைதான் பெரியது. கட்டடக்கலைஞர் அல்பிரட் பவல் அதைப் புத்தம் புதிதாக்க முயலவில்லை. உளுத்த மரத்தை மட்டும் மாற்றி, தாங்கக்கூடிய பழைய மரத்தை அப்படியே விட்டு வைப்பதே அந்தச் சங்கத்தின் நெறி. வீட்டை அழகாக்குவதை விட, அதில் வாழ்ந்தவர்களின் தடயங்களை அழிக்காமல் நிமிர்த்தி நிறுத்துவதே பெரிது என்று அவர்கள் கருதினார்கள்.

அந்தக் கூடத்துக்குள் நின்று இன்றும் கூரை முகட்டை அண்ணாந்து பார்க்கலாம்.