பொருளும் வெற்றியும்

பணம் பத்தும் செய்யும் என்பது பழமொழி. ஆட்டக்களத்தில் கிட்டும் வெற்றியும் அப்பத்தில் அடங்குமோ என்பது, பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை விளையாட்டுக்குப் பொருள் ஒதுக்குவோர் யாவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. இதற்கு விடை தேடுவோர்க்கு ஜோகூர் மாநிலத்தின் கால்பந்தாட்ட வரலாறு நல்லதொரு சான்றாக அமைந்துள்ளது.

ஜோகூர் 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1998இல் எஃப்.ஏ. கிண்ணமும் கிட்டியது. அதன் பின்னர் நெடுங்காலம் நாட்டின் தலையாய பட்டம் எதுவும் அம்மாநிலத்துக்கு வாய்க்கவில்லை. 2012இல் துங்கு இஸ்மாயில் மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். பல குழுக்களிடையே சிதறிக் கிடந்த ஆற்றலும் பொருளும் 2013 முதல் ஜோகூர் தாருல் தக்சிம் என்னும் ஒரே குழுவின்பால் திரட்டப்பட்டன. அரச குடும்பத்தின் ஆதரவும் பெரு நிறுவனங்களின் விளம்பர உதவியும் அதற்குத் துணை நின்றன.

பெயரை வாங்கலாம்

முதலாண்டிலேயே பெரும் பெயர்கள் வந்து சேர்ந்தன. 2008இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் குழுவில் இடம்பெற்ற டானி குய்சாவும் இத்தாலியரான சிமோனே டெல் நேரோவும் ஜோகூருக்கு ஆடினர். எனினும் 2013இல் அக்குழு லீக் போட்டியில் மூன்றாம் இடத்தையே பெற்றது, எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் தோற்றது. 2014இல் அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாப்லோ அய்மார் வந்தார்; காயத்தின் காரணமாகச் சில மாதங்களிலேயே விடைபெற்றார். அவர் சென்ற பின்னும் குழு தளரவில்லை; அவ்வாண்டின் லீக் பட்டத்தை வென்றது.

அப்பட்டம் 2024-25 பருவம் வரை கைமாறவே இல்லை. தொடர்ந்து 11 முறை ஜோகூரே வென்றது. 2015இல் தஜிகிஸ்தானின் துஷான்பே நகரில் இஸ்திக்லால் குழுவை 1-0 என்ற கணக்கில் வென்று, ஆசியக் கால்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசியக் குழு என்னும் பெருமையையும் பெற்றது.

இவ்வெற்றிக்கு ஒன்றிரண்டு பெயர்களுக்கு ஈந்த பெருந்தொகை மட்டுமே காரணமன்று. பயிற்சித் திடல், மருத்துவக் கவனிப்பு, இளையோர் குழு, 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கு எனக் காலம் கடந்து பயன் தரும் செலவுகளும் உடன் நிகழ்ந்தன. பெயரை ஒரு நாளில் வாங்கிவிடலாம். பயிற்சி முறையை ஆண்டுக்கணக்கில் வளர்த்தாக வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் காட்டும் பாடம்

ஒரு குழுவின் அனுபவத்தைக் கொண்டு பொது விதி வகுத்தல் பொருந்தாது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஆண்டுதோறும் பொருளைக் கொட்டிப் போட்டியிடும் அமெரிக்க நாட்டையும் உடன்வைத்து நோக்க வேண்டும். அங்கு இது புதிய வழக்கமன்று. 1852இல் ஹார்வர்டு, யேல் கல்லூரி மாணவர்களிடையே நடந்த படகுப் போட்டியே அந்நாட்டின் முதல் கல்லூரிப் போட்டி. அதன் செலவை ஏற்றது ஓர் இரயில்வே நிறுவனம். அவ்வேரிக்குப் பயணிகளை ஈர்ப்பதே அதன் நோக்கம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒவ்வொரு கல்லூரியும் 2025-26 கல்வியாண்டில் தன் ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாக வழங்கலாம் என்றாயிற்று.

இத்துணைச் செலவுக்குப் பயன் யாது? ராபர்ட் லிட்டன், ஜானதன் ஆர்சாக், பீட்டர் ஆர்சாக் ஆகிய பொருளியலறிஞர் மூவர் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பொருட்டு இதனை ஆராய்ந்து 2003இல் அறிக்கை வெளியிட்டனர். கல்லூரிகள் செலவை உயர்த்தியதற்கும், அடுத்துவந்த ஆண்டுகளில் அவற்றின் வெற்றி விகிதமோ நிகர வருவாயோ உயர்ந்ததற்கும் தெளிவான தொடர்பு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஜோகூரில் பலித்தது அங்கே பலிக்காதது ஏன்? ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு வகுப்பில் ஒரு மாணவனுக்கு மட்டும் தனிப்பயிற்சி அளித்தால் அவன் முதலிடம் பெறக்கூடும். எல்லா மாணவர்க்கும் அளித்தாலும் முதலிடம் ஒன்றே. வரிசை பெரிதும் மாறாது. ஆனால் கல்வியில் அனைவரது அறிவும் வளர்கிறது; அச்செலவு வீணாவதில்லை. கிண்ணம் ஒன்றையே குறியாகக் கொண்ட போட்டியிலோ, ஒருவர் கூட்டிய செலவை மற்றவர் கூட்டிய செலவு ஈடுசெய்துவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றையொன்று பார்த்துச் செலவிட்டன. மலேசியாவில் ஜோகூருக்கு நிகராகச் செலவிட வல்லார் மிகச் சிலரே.

எல்லை கடந்தவுடன் இவ்வுண்மை தெளிவாகிறது. 2022இல் உள்நாட்டுப் பட்டங்கள் அனைத்தையும் வென்ற அதே குழு, அவ்வாண்டு ஆசிய வெற்றியாளர் லீக்கில் ஜப்பானின் உராவா குழுவிடம் 0-5 எனத் தோற்றது. 2025இல் தாய்லாந்தின் புரிராம் குழு அதனை வெளியேற்றியது. உள்நாட்டில் மலையாய் நின்ற பொருள் ஆசியக் களத்தில் குன்றாகிவிட்டது.

எதிரியை வாங்க இயலாது

பொருளால் வாங்க இயலாத ஒன்றும் உண்டு. அது நல்ல எதிரி. மலேசிய லீக்கின் பிற குழுக்கள் சிலவற்றில் சம்பளம் நிலுவையாகும் குறை பல ஆண்டுகளாகக் கேட்கப்படுவது. 2025இல் பேராக், பகாங் குழுக்கள் புதிய பருவத்தில் கலந்துகொள்ளாது விலகின. இது ஜோகூரின் குற்றமன்று. ஆயினும் எதிர்ப்போர் மெலிய மெலிய, வெல்வோரின் பட்டமும் எடை குறைவது இயல்பு.

பொருள் அருகியிருந்த காலத்திலும் திறமை தோன்றாமலில்லை. மருத்துவம் பயின்ற மாணவரான மணி ஜெகதீசன் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கப் பதக்கங்களை வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் அவர் ஓடிய ஓட்டம் 2017 வரை நாட்டுச் சாதனையாக நின்றது. 49 ஆண்டுகள் நிலைத்தது அவருக்குப் பெருமை. அடுத்தவரைக் காண நாடு அத்துணைக் காலம் காத்திருந்ததோ எண்ணத்தக்கது.

திறமை எத்தோட்டத்திலும் எவ்வூரிலும் பிறக்கும். அதனைக் கண்டறிந்து, இடையில் நழுவவிடாது காப்பதற்கே பொருள் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஜோகூரின் பண்டார் பெனாவாரில் அரசு நிறுவிய விளையாட்டுப் பள்ளி இந்நோக்குடையது. அங்குச் சென்று சேருமுன்னர் அக்குழந்தையை முதலில் காண்பவர் தொடக்கப்பள்ளி ஆசிரியரே. அவருக்கு ஒரு திடலும், சில காலணிகளும், மாலையில் ஒரு மணி நேரமும் வேண்டும்.

பட்டம் ஆண்டுக்கு ஒருவர்க்கே உரியது. ஓடக் கற்ற கால்களுக்கு அத்தகைய வரம்பில்லை. ஆதலின் விளையாட்டுக்கு ஈந்த பொருள் வென்றதா என்பதை அளக்க, நிலைப்பேழையில் உள்ள கிண்ணங்களை எண்ணினால் போதாது. மாலையில் திடலுக்கு வரும் பிள்ளைகளையும் எண்ணுதல் வேண்டும்.