விலகல் என்னும் சொல்

‘டிஸ்எங்கேஜ்மெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்கள் மும்மொழிகளில் கேட்கின்றனர். ஆங்கிலச் செய்தி அச்சொல்லையே ஆள்கிறது. இந்திச் செய்தி, படைகள் ‘பீச்சே ஹட்’ சென்றன என்கிறது. தமிழில் சிலர் ‘பின்வாங்கல்’ என்று எழுதிவிடுகின்றனர். இம்மூன்றும் ஒரே பொருளைத் தருகின்றனவா? எல்லைக் காவலுக்கு மகனை அனுப்பியுள்ள குடும்பத்தினருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

‘கேஜ்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடு, பிணை என்பது பொருள். ஈடு வைத்துத் தன்னை ஒன்றோடு பிணைத்துக்கொள்வது ‘எங்கேஜ்’. திருமண நிச்சயம், வேலைக்கு அமர்த்தல், போரில் கைகலத்தல், இயந்திரத்தின் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்துதல் ஆகிய யாவும் இதன் வழி வந்த பொருள்களே. அப்பிணைப்பு நீங்குவதே ‘டிஸ்எங்கேஜ்மெண்ட்’. பிணைந்திருந்தவை பிரிந்தன என்பதே அதன் அடிப்படைக் கருத்து. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது அச்சொல்லில் இல்லை.

பேருந்து ஓட்டுநர் கிளட்சை மிதிக்கும்போது எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பு விடுபடுகிறது. ஆனால் எஞ்சின் நின்றுவிடுவதில்லை. காலை எடுத்த மாத்திரத்தில் இரண்டும் மீண்டும் இணையும். இவ்வுவமையை நேயர்கள் மனத்தில் கொள்வது நலம்.

அரசியலில் இச்சொல் 1957-இல் பெரிதும் பேசப்பட்டது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கென்னன் அவ்வாண்டு பி.பி.சி. வானொலியில் நிகழ்த்திய ரீத் சொற்பொழிவுகளில், நடு ஐரோப்பாவில் எதிரெதிரே நின்ற சோவியத் படைகளும் மேலைநாட்டுப் படைகளும் அகல வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்து விவாதத்தைக் கிளப்பியதேயன்றி நடைமுறைக்கு வரவில்லை. 1974-இல் இஸ்ரேல் முதலில் எகிப்துடனும், பின்னர் சிரியாவுடனும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் இச்சொல் செயல்வடிவம் பெற்றது. கோலான் குன்றுகளில் அதனை மேற்பார்க்க ஐக்கிய நாடுகள் மன்றம் அமைத்த படையின் பெயரிலேயே இச்சொல் இடம்பெற்றுள்ளது.

நம் நாட்டில் இச்சொல்லைப் பலரும் அறியச் செய்தது லடாக். 2020 ஜூன் 6-ஆம் நாள் இந்திய, சீனப் படைத்தளபதிகள் பதற்றத்தைத் தணிப்பது குறித்துப் பேசினர். ஒன்பது நாட்களுக்குப் பின், ஜூன் 15-ஆம் நாள் இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர் நீத்தனர். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவில்தார் பழனி அவர்களுள் ஒருவர். பேச்சு முடிந்தமையால் பிணைப்பு நீங்கிவிட்டதாகாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

பின்னர் 2021 பிப்ரவரியில் பாங்காங் ஏரியின் இரு கரைகளிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் கோக்ராவிலும், 2022 செப்டம்பரில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியிலும் படைகள் விலகின. தேப்சாங், தெம்சோக் ஆகிய இடங்கள் பற்றிய இணக்கம் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. பாங்காங் விலகலிலிருந்து இறுதி இணக்கம் வரை மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இரு தரப்பும் படிப்படியாக, ஒருவர்க்கொருவர் ஒத்து, சரிபார்க்கத்தக்க முறையில் அகல வேண்டியிருந்தமையே இத்தாமதத்திற்கு ஒரு காரணம்.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நேருக்கு நேர் நின்ற வீரர்கள் அகல்வது முதல் நிலை, அதுவே விலகல். பின்னணியில் குவிந்த படைகளும் தளவாடங்களும் பதற்றம் தணியும்படி அகற்றப்படுவது இரண்டாம் நிலை. கூடுதலாக வந்த படைகள் தத்தம் பழைய முகாம்களுக்குத் திரும்புவது மூன்றாம் நிலை. முதல் நிலை நிறைவேறியதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது, கிளட்சை மிதித்ததும் எஞ்சின் நின்றுவிட்டது என்று எண்ணுவதைப் போன்றது.

ஒரு தரப்பே முடிவு செய்து வெளியேறுவதற்கும் இச்சொல் வழங்கியதுண்டு. 2005-இல் இஸ்ரேல் காசாவிலிருந்த 21 குடியேற்றங்களையும், மேற்குக் கரையின் வடபகுதியில் நான்கினையும் அகற்றியபோது அதற்கு இப்பெயரையே சூட்டியது. சமூக இயலிலும் இச்சொல் உண்டு. முதியவர் சமூகத்தினின்றும், சமூகம் முதியவரினின்றும் மெல்ல ஒதுங்குவது இயல்பு என்றொரு கொள்கை 1961-இல் தோன்றிப் பின்னர் கடும் மறுப்புக்கு உள்ளாயிற்று. தீச்செயல் புரிவோர் தம் மனச்சான்றைச் செயலற்றதாக்கிக் கொள்ளும் முறையையும் உளவியலார் ஆல்பர்ட் பாண்டுரா இச்சொல்லாலேயே குறித்தார்.

ஆகவே தமிழில் ஒரே சொல்லை எங்கும் பொருத்த இயலாது. இயந்திரத்திற்கு ‘விடுபடல்’, முதியோர்க்கு ‘ஒதுங்கல்’, படைகளுக்குப் ‘படைவிலகல்’ என இடத்திற்கேற்ப ஆளுதல் தகும். ‘பின்வாங்கல்’ தோல்வியைக் குறிப்பாக உணர்த்தும்; ‘சமாதானம்’ நடவாததை நடந்ததாகக் காட்டும். முன்னது வீரனின் குடும்பத்தாருக்கு வீண் தலைக்குனிவையும், பின்னது வீண் நம்பிக்கையையும் தரும்.

இனி இச்சொல்லைச் செய்தியில் கேட்கும்போது, அகன்றவர் ஒருவரா இருவருமா, எவ்வளவு தொலைவு அகன்றனர், அதனைச் சரிபார்ப்பவர் யார் என்று நாம் வினவுவோமாக. இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே அச்செய்தியின் பொருள் நமக்கு முழுமையாக விளங்கும்.