சர்வர் பேசும் ஆங்கிலம்: 'ங்க' எங்கே போச்சு?

ஓட்டல் வேலைக்கு ஆங்கிலம் என்றாலே நிறைய சொற்களை மனப்பாடம் பண்ணணும்னு நினைக்கிறோம். ஸ்பூன், பிளேட், பில், பார்சல் எல்லாம் நமக்கு எப்பவோ பழகிப்போனவை. சிக்கல் வருவது தமிழில் நினைப்பதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றும்போதுதான். முக்கியமா இரண்டு இடங்கள்.

முதலாவது, மரியாதை. 'என்ன வேணுங்க?' என்பதில் மரியாதை முழுக்க அந்த 'ங்க'வில் இருக்கு. அதையே 'வாட் டூ யூ வாண்ட்?' என்று கேட்டால் அதட்டுவது போலக் காதில் விழும். ஆங்கிலத்தில் மரியாதைக்கு இப்படி ஒரு விகுதி கிடையாது. கூடுதல் சொற்களால்தான் அதைக் காட்டணும். 'வாட் வுட் யூ லைக்?' என்று கேளுங்க. தட்டை எடுக்கும்போது வெறுமனே 'ஃபினிஷ்ட்?' என்றால் கிளம்பச் சொல்கிற மாதிரி இருக்கும். 'மே ஐ டேக் திஸ்?' என்றால் போதும்.

இரண்டாவது, 'யெஸ்', 'நோ'. 'இதுல முந்திரி இல்லையே?' என்று ஒருவர் தமிழில் கேட்கிறார். குருமாவில் முந்திரி அரைச்சு ஊற்றியிருந்தால், 'இல்லைங்க, இருக்கு' என்போம். நீங்க நினைப்பது சரியில்லை என்பதற்கான 'இல்லை' அது. இதே கேள்வி ஆங்கிலத்தில் வரும்போது, அந்தப் பழக்கத்தில் 'நோ' என்று மட்டும் சொன்னால், முந்திரி இல்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். நம்ம தலையாட்டலும் வெளிநாட்டவருக்குக் குழப்பம்தான்.

அதனால் பொருளின் பெயரோடு முழுசாச் சொல்லணும்: 'இட் ஹேஸ் கேஷ்யூ', 'இட் ஹேஸ் நோ கேஷ்யூ'. சரியாத் தெரியலைன்னா ஊகிக்க வேண்டாம்; 'லெட் மீ செக் வித் த கிச்சன்' என்று சொல்லிவிட்டு மாஸ்டரிடம் கேட்டு வரலாம்.

பிரிட்டனில் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கணும் என்று சட்டமே இருக்கு. அந்தப் பட்டியலில் கடுகும் எள்ளும் உண்டு. நாம தாளிக்கிற கடுகை ஒரு பொருளாவே கணக்கில் எடுப்பதில்லை. இட்லிப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவதும் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

மனப்பாடம் பண்ணத்தான் வேணும்னா இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்: கேஷ்யூ, பீநட், மஸ்டர்ட், செசமி, மில்க், வீட்.