ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையே

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்வோர் முதலில் தேடுவது ஒன்றுண்டு. ஒரு பேரேட்டில் கழிக்கப்பட்ட தொகை மற்றொரு பேரேட்டில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதே அது. இரண்டு ஏட்டிலும் இல்லாமல் நடுவில் நிற்கும் தொகைதான் முடிவில் நட்டமாகிறது. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பிலும் இத்தகைய இடைவெளி ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தொடக்கப் பள்ளியின் பதிவேட்டிலிருந்து பிள்ளையின் பெயர் கழிக்கப்படுகிறது. ஆறாம் வகுப்புள்ள பள்ளியில் அப்பெயர் ஏறும்வரை அப்பிள்ளை எந்தப் பள்ளியையும் சேர்ந்ததன்று. படிப்பை நிறுத்திவிடலாம் என்று பெற்றோர் தீர்மானிப்பது அரிது. கோடை விடுமுறை நீண்டுகொண்டே போகிறது. ஒருநாள் படிப்பு நின்றுபோயிருப்பது தெரிய வருகிறது.

இதில் நமது வட்டாரத்தாருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. ஊரார் பொருளுதவியால் பள்ளிகளைச் செம்மைப்படுத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு 1958-இல் அதே மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. இவ்விரண்டு ஊர்களும் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பினும், அந்த மரபு நமக்கும் உரியது.

சட்டம் தரும் உரிமை

தொடக்கப் பள்ளி 5-ஆம் வகுப்போடு முடிவது. நடுநிலைப் பள்ளி 8-ஆம் வகுப்புவரை உள்ளது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் 6-ஆம் வகுப்பிலிருந்து பாடம் தொடங்குகிறது. ஊரில் நடுநிலைப் பள்ளி இருப்பின் கவலை இல்லை. தொடக்கப் பள்ளி மட்டும் உள்ள ஊர்களில்தான் விழிப்பு வேண்டும்.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி வழங்கும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 1.4.2010 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டுமென்பது அதன் கீழான விதி. மேல் வகுப்பு இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்கு வேறு பள்ளிக்கு மாறும் உரிமையை அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு வழங்குகிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தருதல் வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காகப் புதிய பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுப்பதோ, தாமதிப்பதோ கூடாது. வயதுச் சான்று இல்லையென்று திருப்பியனுப்பவும் சட்டம் இடந்தரவில்லை. 'எமிஸ்' என்னும் கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் உண்டு. பழைய பள்ளி அப்பெயரை விடுவித்ததா, புதிய பள்ளி ஏற்றுக்கொண்டதா என இரண்டையும் பெற்றோர் கேட்டறிதல் நலம்.

சாதிச் சான்றிதழ் இல்லையென்பதும் சேர்க்கைக்குத் தடையாகாது. ஆயினும் உதவித்தொகைகளுக்கு அது தேவைப்படும். 4.11.2021 அன்று மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் முதலமைச்சரால் வழங்கப்பட்டன. வடநெம்மேலியில் 1978 முதல் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி வருவோரும் இருளர்களே. இச்சமூகத்தார் வாழும் ஊர்களில் உள்ள சங்கங்கள், கோடை விடுமுறையிலேயே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவலாம்.

ஆறாம் வகுப்பில் சேரும் பள்ளி

எந்தப் பள்ளியில் 6-ஆம் வகுப்புத் தொடங்குகிறது என்பது பின்னாளைய கல்லூரிப் படிப்பையும் தொடும். கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்கென 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றதை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றோரும் சேர்க்கப்பட்டனர். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டமும், பொறியியல், வேளாண்மை, மீன்வளப் படிப்புகளுக்கு அதை விரிவாக்கிய 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்றோருக்கே உரியவை. கட்டணம் கட்டி ஓரிரு ஆண்டு தனியார் பள்ளியில் வைத்துப் பார்ப்போம் என்று எண்ணும் பெற்றோர் இதையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, காலை உணவு. 15.9.2022 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. பள்ளியிலேயே காலை உணவு உண்டு பழகிய பிள்ளை, 6-ஆம் வகுப்பில் இன்னும் தொலைவாக நடக்க வேண்டியிருக்கிறது. புதிய பள்ளியில் என்ன ஏற்பாடு என்று முன்னரே கேட்டறிந்து, வேண்டுமாயின் வீட்டில் பழையதாவது உண்டு செல்லுமாறு பார்த்தல் தாயார் தந்தையார் இருவரின் கடமை. வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

இரண்டாவது, வழி. கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தே பள்ளி சேர வேண்டும். அச்சாலையில் வண்டிகளின் வேகம் அறியாதார் இல்லை. முதல் சில வாரங்கள் ஊரார் முறைவைத்து ஒருவர் உடன் செல்வது நன்று. பெண் பிள்ளைகளை நிறுத்திவிட வழியச்சமே காரணமாகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து சென்றால் அவ்வச்சம் பாதி குறையும். அரசுப் பேருந்துக்கான இலவசப் பயண அட்டையைப் பள்ளி வழியே பெறலாம்.

மூன்றாவது, வேலை. கோர்வைச் சேலைத் தறியில் கரை நாடாவை வீச உதவியாள் ஒருவர் வேண்டும். காஞ்சிபுரத்தில் முன்னாளில் அது சிறுவரின் வேலையாகவே இருந்தது. தார் சுற்றவும், களத்தில் நெல் காக்கவும், வலை பிரிக்கவும் பத்து வயதுப் பிள்ளை கைக்கு எட்டியதாகவே தோன்றும். 14 வயது நிரம்பாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. வீட்டுத் தொழிலில் உதவுவதும் பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோதான் ஆகலாம்.

நான்காவது, வாசிப்பு. தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பார். பிள்ளையின் குறை நிறை அவருக்குத் தெரியும். 6-ஆம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். வாசிக்கத் திணறும் பிள்ளை அங்கே எல்லாப் பாடத்திலும் பின்தங்கி, வெட்கத்தால் பள்ளிக்கு வராமலே இருந்துவிடும். ஆகவே விடுமுறையில் சங்கத்தின் அறிவிப்பையோ கூலிச் சீட்டையோ வாசிக்கச் சொல்லுங்கள்; பாவு நூலின் எடையையும் விலையையும் பெருக்கச் சொல்லுங்கள். தடுமாற்றம் கண்டால் ஏசாமல், புதிய வகுப்பாசிரியரிடம் முதல் வாரமே தெரிவியுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது

பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைத் துணியை நெய்து தருவதில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்குண்டு. அத்துணியை உடுத்தவேண்டிய பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் நமது வேலையே. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் வீடுகளில் 5-ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுக. எதிரே மூன்று கட்டங்கள் போதும்: சான்றிதழ் பெற்ற நாள், புதிய பள்ளியில் சேர்ந்த நாள், ஜூலை இறுதியில் வருகை. மூன்றாவது கட்டம் இன்றியமையாதது; சேர்ந்து இரண்டு வாரத்தில் நின்றுவிடும் பிள்ளைகளை அதுவே காட்டிக்கொடுக்கும். கட்டம் காலியாயிருக்கும் வீட்டுக்கு நிர்வாகக் குழுவினர் இருவர் நேரில் சென்று காரணம் கேட்க வேண்டும். துணை விதிகளில் பொது நல நிதிக்கு இடமுள்ள சங்கங்கள், பேரவைத் தீர்மானத்தின்படி நோட்டும் பையும் வாங்கித் தரலாம்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு நோட்டும், இரண்டு பேரின் நடையும் போதும். வரும் ஏப்ரல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதனைச் சேர்க்குமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.